ஷார்ஜா ஆங்கரேஜில் தம்பி, ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

மணப்பாட்டு அக்கா எழுதியது:

வணக்கம். கப்பலில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி ஒரு சின்ன ஆயில் டேங்கரில் ஆயிலர், அதாவது இன்ஜின் ரூம் தொழிலாளி. பனாமா கொடி, அதாவது அந்த நாட்டில் பதிவான கப்பல். ஷார்ஜாவுக்கு வெளியே, கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற ஆங்கரேஜில் கப்பல் நிற்கிறது. ராத்திரியில் கரையின் விளக்குகள் தெரியுமாம், ஆனால் இறங்க அனுமதி இல்லை. மொத்தம் ஒன்பது பேர்: ஆறு பேர் இந்தியர்கள், மூன்று பேர் மியான்மர்காரர்கள். முதல் இரண்டு மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது. அப்புறம் "அடுத்த வாரம்", "சரக்கு ஏற்றியதும்", "கப்பலை விற்றதும்" என்று கம்பெனி இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த மாதத்தோடு ஐந்து மாதப் பாக்கி.

சம்பளத்தைக்கூட விடுங்கள், சாப்பாடுதான் பெரிய கவலை. முன்பு படகில் சாமான் வந்துகொண்டிருந்தது. இப்போது அரிசியும் பருப்பும் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தூண்டில் போட்டு மீன் பிடித்துச் சமைக்கிறார்கள். டாங்கித் தண்ணீர் துரு நிறத்தில் வருகிறதாம். டீசல் தீர்ந்துவிடும் என்று ஜெனரேட்டரைச் சாயந்திரம் கொஞ்ச நேரம்தான் ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில்தான் போனுக்குச் சார்ஜ் போட்டு எங்களிடம் பேசுகிறான். இந்த வெயிலில் ஏசி இல்லாத இரும்புக்குள் எப்படித் தூங்குவது? டெக்கில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

கம்பெனி இப்போது ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. போக விரும்புகிறவர்கள் "என் சொந்த விருப்பத்தில் இறங்குகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போகலாமாம். பாக்கிச் சம்பளத்தைப் பின்னால் அனுப்புவார்களாம். கேப்டன், பொறுங்கள், கப்பலை வாங்க ஆள் வந்திருக்கிறது, புது முதலாளி எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார் என்கிறார். ஏற்றிவிட்ட ஏஜென்ட் இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினவர், இப்போது போனை எடுப்பதில்லை. அவருக்கு லைசென்ஸே கிடையாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

புகார் கொடுத்தால் பெயர் பிளாக்லிஸ்டில் போய்விடும், அப்புறம் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்று அப்பா பயப்படுகிறார். தம்பியின் கோர்ஸுக்காக அடகு வைத்த நகை இன்னும் பாங்கில் இருக்கிறது. அதனால் அவனும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறான்.

பொறுத்துப் பார்ப்பதா? இறங்கி வந்தால் சம்பளம் போய்விடுமா? நாங்கள் யாரைப் போய்ப் பார்ப்பது?

தேரா வாசி எழுதியது:

அக்கா, நான் துபாயில் இருக்கிறேன், கப்பல்காரன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். ஷார்ஜா துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே நீங்கள் புகார் பதியலாம். பாஸ்போர்ட் எண், சிடிசி (மாலுமிகளின் பதிவுப் புத்தகம்) எண், கப்பல் பெயர், கப்பலின் ஐஎம்ஓ எண் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்), எங்கே நிற்கிறது, எத்தனை இந்தியர்கள் என்று எல்லாவற்றையும் முதல் தடவையே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் கேட்டே நாள் போய்விடும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அதே விவரங்களை அனுப்புங்கள். கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். கப்பலில் இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று இருந்தால் தூதரகத்தில் பேசுவது சுலபம்.

நாகூர் சீஃப் எழுதியது:

தங்கச்சி, நான் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பி நிற்கிற அதே கடலில், 2012 வாக்கில், அஜ்மானுக்கு வெளியே நானும் இப்படி நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: பொறுக்க வேண்டாம். இனி ஒரு நாள்கூட வேண்டாம்.

காரணம் இதுதான். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், நாங்கள் எம்எல்சி என்போம், 2006-ல் ஜெனீவாவில் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்தது. பனாமா, இந்தியா இரண்டுமே அதில் உண்டு. அதில் கொண்டுவந்த ஒரு திருத்தம் 2017 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி, முதலாளி ஊருக்கு அனுப்பும் செலவைக் கொடுக்காவிட்டால் அது கைவிடல். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் இல்லாமல் விட்டாலும் கைவிடல். இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி, தொடர்பை அறுத்துக்கொண்டாலும் கைவிடல். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் தம்பிக்கு மூன்றுமே இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவன் கைவிடப்பட்டு வெகுநாளாகிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்தத் திருத்தத்தின்படி ஒவ்வொரு முதலாளியும் இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஆட்களைக் கைவிட்டால் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி சாப்பாடு, குடிதண்ணீர், தேவையான எரிபொருள், துணிமணி, மருத்துவம், ஊருக்கு டிக்கெட் எல்லாம் கொடுத்தாக வேண்டும். பாக்கிச் சம்பளமும் தர வேண்டும், ஆனால் அதிகபட்சம் நான்கு மாதம்தான். தம்பிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரு மாதச் சம்பளம் ஏற்கெனவே அந்த வரம்புக்கு வெளியே போய்விட்டது. இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் அந்த மூன்றும் வெளியே போகும். பொறுமைக்கு எந்தச் சம்பளமும் கிடையாது, தங்கச்சி. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுக்கும் முதலாளிக்கு இது நன்றாகவே தெரியும்.

எங்கள் காலத்தில் இந்த இன்சூரன்ஸ் கிடையாது. சாமான் கொடுக்கிற கடைக்காரர் நிறுத்திக்கொண்டார். ஜெனரேட்டர் நின்றது. டெக்கில் கிடந்த மரக்கட்டைகளை உடைத்து அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கினோம். என் கீழே வேலை செய்த ஒரு பையனுக்குப் பல்லில் சீழ் பிடித்து முகமே வீங்கிவிட்டது. மாத்திரை இல்லாமல் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பாதிச் சம்பளத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு வந்தோம். கேட்கிற உரிமை எதுவும் கையில் இல்லை. உங்கள் தம்பிக்கு இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்று சாயந்திரம் போனுக்குச் சார்ஜ் ஏறியதும் தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை: மெஸ் ரூம் பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில், இரண்டு சர்டிபிகேட் ஒட்டியிருக்கும். ஒன்று கைவிடப்பட்டால் கிடைக்கும் உதவிக்கு. மற்றது இறப்பு, ஊனத்துக்கான நஷ்டஈட்டுக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் கப்பல் பெயர், ஐஎம்ஓ எண், இன்சூரன்ஸ் கொடுத்தவரின் பெயர், முகவரி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, உதவி கேட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்பது வரை இருக்கும். அந்த ஆளுக்குக் கப்பலில் இருப்பவர்கள் நேரடியாக எழுதலாம். கேப்டன் வழியாகவோ கம்பெனி வழியாகவோ போகத் தேவையில்லை. அப்படி நேரடியாகக் கேட்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கரையில் இருந்தபடி நீங்களும் ஒன்று செய்யலாம். ஈக்வாசிஸ் என்று ஓர் இணையதளம் இருக்கிறது, இலவசம், பெயர் பதிந்தால் போதும். ஐஎம்ஓ எண்ணைப் போட்டால் கப்பலின் முதலாளி யார், நிர்வாகம் யார், இதற்கு முன் எந்தத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள் என்று பல விவரங்கள் வரும். கம்பெனி என்று உங்களிடம் போனில் பேசுகிறவர் ஒருவர், பத்திரத்தில் இருக்கிற முதலாளி வேறொருவர் என்பது இந்த மாதிரிக் கப்பல்களில் சகஜம்.

அதோடு ஐடிஎஃப்-க்கு எழுதுங்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம். தம்பி எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாவிட்டாலும் எழுதலாம். இது ஏன் முக்கியம் என்றால், ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஐஎம்ஓவும் (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) சேர்ந்து கைவிடப்பட்ட கப்பல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அதில் குடும்பத்தார் நேரடியாகப் பதிய முடியாது. அரசாங்கமோ ஐடிஎஃப் போன்ற அமைப்போதான் பதியும். பதிந்துவிட்டால் பனாமாவும் பதில் சொல்ல வேண்டும், நம் அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங்கும் பதில் சொல்ல வேண்டும். பெயர் இல்லாமல் ஆங்கரேஜில் நிற்கிற கப்பலைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். தம்பிக்கு மனது சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவசத் தொலைபேசி உதவி 24 மணி நேரமும் உண்டு.

இதெல்லாம் நமக்கு மட்டும் நேர்ந்த தலையெழுத்து என்று அம்மா நினைக்க வேண்டாம். ஐடிஎஃப் கணக்குப்படி 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம், 899 பேர். உங்கள் தம்பி இருக்கிற பக்கத்திலேயே அஸ்ரக்மோயா என்ற கப்பல் மாதக்கணக்கில் நின்றது. அதன் கேப்டன் தமிழ்நாட்டுக்காரர், 2019-ல்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஐபா என்ற டேங்கரை 2017-லேயே கைவிட்டார்கள். 2021 ஜனவரியில் நங்கூரம் அறுந்து உம் அல் குவைன் கடற்கரையில் தரைதட்டியபோதும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் இறங்கினார்கள்.

இனி அந்தக் கடிதம். "என் சொந்த விருப்பத்தில் இறங்குகிறேன்" என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அது கைவிடல் ஆகாது, தானாக வேலையை விட்டதாகிவிடும். டிக்கெட் செலவு முதலாளியுடையது. அவர் கொடுக்காவிட்டால் கொடி நாடு ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் செய்யாவிட்டால் கப்பல் நிற்கிற நாடோ நம் நாடோ அனுப்பிவைத்துவிட்டுப் பின்னால் கொடி நாட்டிடம் வசூலித்துக்கொள்ளலாம். தம்பி பாக்கெட்டிலிருந்து ஒரு திர்ஹம்கூடப் போகக் கூடாது.

அதே மாதிரி, கோர்ட்டிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ யாராவது வந்து அரபியில் ஒரு தாளை நீட்டினால் அதிலும் கை வைக்கக் கூடாது. எகிப்தில் அமான் கப்பலில் நடந்தது தெரியுமா? முகமது ஆயிஷா என்ற சிரியாக்காரர், சீஃப் ஆபீசர். 2017-ல் அதபியா துறைமுகத்தில் கப்பலைத் தடுத்து வைத்தார்கள், அப்போது கேப்டன் கரையில் இருந்தார். கப்பலின் காவலர் என்று இவர் பெயரைப் போட்டுக் கோர்ட் உத்தரவு, இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு தாளால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அம்மா இறந்த செய்தியும் கப்பலில் இருந்தபோதுதான் வந்தது. புயலில் கப்பல் கரைக்குப் பக்கமாக ஒதுங்கிய பிறகு, போனுக்குச் சார்ஜ் போடவும் சாப்பாடு வாங்கவும் நீந்திக் கரைக்குப் போய் வந்தார். ஐடிஎஃப் பிரதிநிதி ஒருவர் அந்தக் காவலர் பொறுப்பைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட பிறகுதான், 2021 ஏப்ரலில், வீட்டுக்குப் போக முடிந்தது.

பிளாக்லிஸ்ட் பற்றி அப்பா பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த மிரட்டல் எல்லா ஏஜென்ட் வாயிலும் இருக்கிறது. ஆனால் அந்த லிஸ்ட் செல்லுபடியாவது இப்படிப்பட்ட முதலாளிகளின் வட்டத்துக்குள்தான். அந்த வட்டத்துக்குள் உங்கள் தம்பி இனி காலெடுத்து வைக்கவே கூடாது.

மணப்பாட்டு அக்கா எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். போட்டோ வந்துவிட்டது. சர்டிபிகேட் இரண்டு இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனால் கைவிடலுக்கான சர்டிபிகேட் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் தம்பி மனது விட்டுவிட்டான். கேப்டனும் இனி எழுதிப் பயனில்லை என்கிறார், அவர் கையெழுத்துப் போட மாட்டாராம். மற்ற எட்டு பேரில் ஒருவர் தவிர எல்லோரும் போடத் தயார். பாஸ்போர்ட்கள் கேப்டனிடம் இருக்கின்றன. எல்லோரும் ஒன்றாக இறங்க முடியுமா, இவன் மட்டும் தனியாக வர முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

நாகூர் சீஃப் எழுதியது:

மனதை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்டிபிகேட் போன மாதம் முடிந்தது. சம்பளம் நின்று ஐந்து மாதம். அப்படியானால் இரண்டு மாத வரம்பைத் தாண்டிய அன்று இன்சூரன்ஸ் உயிரோடுதான் இருந்தது. கைவிடல் நடந்தது காப்பு இருந்த காலத்தில், இதுதான் உங்கள் வாதம். கடைசிச் சம்பளம் வந்த தேதி, சாமான் படகு கடைசியாக வந்த தேதி, சர்டிபிகேட் முடியும் தேதி மூன்றையும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே போடுங்கள். பாங்க் ஸ்டேட்மெண்டில் கடைசியாகச் சம்பளம் வந்த பக்கத்தைச் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்று, காலம் முடிவதற்கு முன்பே இன்சூரன்ஸை நிறுத்தியிருந்தால், கொடி நாட்டுக்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அதனால் கடிதத்தின் நகல் பனாமாவின் கப்பல் துறைக்கும் போகட்டும். புதுப்பித்த சர்டிபிகேட் இல்லாமல் கப்பல் நிற்கிறது என்பதே பனாமா பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

கேப்டன் கையெழுத்து இல்லாவிட்டாலும் கடிதம் செல்லும். அவரைத் திட்ட வேண்டாம், அவருக்கும் சம்பளம் வரவில்லை, பொறுப்பும் அவர் தலையில் இருக்கிறது. மியான்மர்காரர்கள் பெயர் விட்டுப்போகக் கூடாது. அவர்களுக்குக் கேட்கத் தூதரகம் ஒன்று உதவிக்கு வருமா என்பதே சந்தேகம், இந்தக் கடிதம்தான் அவர்களுக்கும் துணை.

எல்லோரும் ஒன்றாக இறங்கத் துறைமுகம் சம்மதிக்காது. ஆங்கரேஜில் ஆள் இல்லாத கப்பல் மற்ற கப்பல்களுக்கு ஆபத்து, நங்கூரம் இழுத்தால் பார்க்க ஆள் வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அதனால் கடிதத்திலேயே, மாற்று ஆட்களையோ காவல் ஆட்களையோ அனுப்பிவிட்டு எங்களை இறக்குங்கள் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லியே மாதங்களை ஓட்டுவார்கள்.

தனியாக வருவதா என்பதற்கு என் கருத்து: தம்பி வரட்டும். சம்பளத்துக்காகக் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் கிரேட் யார்மத் துறைமுகத்தில் மாளவியா ட்வென்டி, மும்பைக் கம்பெனி ஒன்றின் கப்பல். கம்பெனி திவாலானது. ஊருக்குப் போகலாம் என்றபோதும் கேப்டனும் மூன்று பேரும் போகவில்லை. 2018-ல் கோர்ட் கப்பலை விற்று அவர்களுக்குப் பணம் வந்தது. அது கரையில் கட்டி நிறுத்திய கப்பல், ஊர்க்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், வக்கீல் இருந்தார். குடிதண்ணீர் இல்லாத ஆங்கரேஜில் அந்தக் கணக்கு சரிப்படாது. ஆனால் இறங்குவதற்கு முன் இவ்வளவும் கையில் இருக்க வேண்டும்: வேலை ஒப்பந்தத்தின் நகல், சிடிசியில் ஏறிய தேதி முத்திரை, கப்பலில் இருப்பவர்களின் பட்டியல், எத்தனை மாதம் எவ்வளவு பாக்கி என்று கேப்டன் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் போட்ட கணக்குத் தாள். இந்தக் கணக்குத் தாளைக் கேப்டன் கொடுப்பார். சண்டை போடாமல் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் அவரிடம் இருப்பது பத்திரத்துக்காக, அது தம்பியுடையது, கேட்கும்போது கொடுக்க வேண்டும்.

எழும்பூர் வக்கீல் எழுதியது:

சீஃப் சொன்னதோடு சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். சகோதரி, இறங்கினால் சம்பளம் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. மாலுமிகளின் சம்பளப் பாக்கி கப்பலின் மேலேயே ஏறிய கடன். முதலாளி மாறினாலும் கடன் கப்பலோடு போகும். கப்பலைக் கோர்ட் ஏலத்தில் விற்றால், கப்பலை அடகு பிடித்த பாங்குக்கு முன்னால் மாலுமிகளுக்குத்தான் முன்னுரிமை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு அட்மிரால்ட்டி சட்டம், அதாவது கப்பல் வழக்குகளுக்கான சட்டம், இதைத் தெளிவாகச் சொல்கிறது. சம்பளப் பாக்கிக்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு, அதைத் தாண்டவிடக் கூடாது. அந்தக் கப்பல் என்றைக்காவது தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வந்தால் சென்னை உயர்நீதிமன்றத்தில் அதைப் பிடித்து வைக்க மனுப் போடலாம். மும்பை, கொச்சி பக்கம் போனால் அந்தந்த உயர்நீதிமன்றம்.

கப்பல் ஷார்ஜாவில் இருக்கும்வரை அங்குள்ள கோர்ட்தான், அங்குள்ள வக்கீல்தான், செலவும் அதிகம். அதனால் முதலில் இன்சூரன்ஸ், ஐடிஎஃப் என்ற வரிசை சரிதான். நான்கு மாதத்துக்கு மேல் உள்ள பாக்கிக்கு இந்தக் கப்பல் மேலுள்ள உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர் பணம் கொடுக்கும்போது ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார். வாங்கிய நான்கு மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடலாம். "எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, மிச்சம் இவ்வளவு என்று எழுதிய பிறகே போட வேண்டும்.

குளச்சல்காரன் எழுதியது:

சீஃப் ஐயா, என் மச்சான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். அவருக்கும் சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டும் முதலாளியிடம். இந்த இன்சூரன்ஸ் அவருக்கும் உண்டா?

நாகூர் சீஃப் எழுதியது:

இல்லை, தம்பி. இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது. எம்எல்சி மீன்பிடிப் படகுகளைச் சேர்க்கவில்லை. பழைய முறையில் கட்டிய மரக்கலங்களையும் சேர்க்கவில்லை, அதாவது தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகிற நம் தோணிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் அந்தச் சர்டிபிகேட் கிடையாது. மீனவர்களுக்கென்று ஐஎல்ஓ 2007-ல் தனி ஒப்பந்தம் செய்தது, 2017-ல் அமலுக்கு வந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. குமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து எத்தனை பேர் வளைகுடாவில் படகில் இருக்கிறார்கள் என்று நம் எம்பிக்கள் எல்லோருக்கும் தெரியும். இதைக் கையெழுத்திடச் சொல்லி அவர்கள் கேட்டாக வேண்டும், நாம் அவர்களைக் கேட்க வைக்க வேண்டும். உங்கள் மச்சானுக்கு இப்போதைக்கு வழி பஹ்ரைனிலுள்ள இந்தியத் தூதரகமும் அங்குள்ள தொழிலாளர் துறையும்தான். மதத் தளத்தில் இன்றே பதியுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதைத் தனிப் புகாராக எழுதுங்கள்.

மணப்பாட்டு அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விஷயத்தைச் சொல்கிறேன். கடிதம் போய் ஐடிஎஃப் பக்கமிருந்து பதில் வந்தது, கப்பல் பட்டியலில் ஏறிவிட்டது. முதலில் இன்சூரன்ஸ்காரர் காலம் முடிந்துவிட்டது என்றுதான் எழுதினார். மூன்று தேதிகளையும் பாங்க் ஸ்டேட்மெண்டையும் திரும்ப அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார். அவருடைய ஷார்ஜா ஏஜென்ட் படகில் தண்ணீர், அரிசி, காய்கறி, டீசல் கொண்டுவந்து இறக்கினார். ஜெனரேட்டர் இப்போது ராத்திரியும் ஓடுகிறது. முதலில் மூன்று பேருக்கு டிக்கெட், தம்பி அடுத்த மூன்று பேரில் இருக்கிறான், காவல் ஆட்கள் வந்ததும் இறங்குவார்கள். கணக்குத் தாளில் கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், கடிதத்திலும் கடைசியில் அவரே சேர்ந்துகொண்டார்.

அந்த ஏஜென்ட் வாங்கிய பணத்தை என்ன செய்வது?

நாகூர் சீஃப் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஏஜென்ட் விஷயம். கப்பலில் ஆள் ஏற்ற டிஜி ஷிப்பிங் கொடுக்கிற ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் சேர்ப்பு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களும் வேலை போட்டுக் கொடுப்பதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. இவர் லைசென்ஸும் இல்லாமல் பணமும் வாங்கியிருக்கிறார். பாங்க் வழியாகக் கொடுத்தீர்களா? அந்த ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் எழுதியது, டிக்கெட் அனுப்பியது எல்லாவற்றையும் அழிக்காமல் பிரிண்ட் எடுங்கள். தூத்துக்குடி எஸ்பி ஆபீசில் ஒரு புகார், அதன் நகல் டிஜி ஷிப்பிங்குக்கும் அதன் கீழ் சென்னையிலுள்ள எம்எம்டி (வணிகக் கப்பல் துறை) ஆபீசுக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கூட வந்தவர் யார், எந்த இடம், எந்தத் தேதி என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதே ஏஜென்ட் ஏற்றிவிட்ட மற்ற பையன்கள் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் இருப்பார்கள். அவர்கள் வீடுகளுக்கும் போய்ப் பேசுங்கள். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து போனால் போலீஸ் உட்கார வைத்துக் கேட்கும்.

தம்பி ஓய்வெடுத்துவிட்டு அடுத்த கப்பலுக்குக் கிளம்பும்போது, ஏஜென்ட்டின் ஆர்பிஎஸ்எல் எண்ணை டிஜி ஷிப்பிங் தளத்தில் அவனே பார்க்கட்டும். கப்பல் பெயர் தெரிந்தால் ஈக்வாசிஸில் நீங்கள் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஐஎம்ஓ எண்ணை இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.